மணியும் பின்விளக்கும்: பிரித்தானியச் சாலைகளில் மிதிவண்டியாளர் நடத்தையும் பொதுமக்கள் பார்வையும் (1819–1945)

ஆய்வுச் சுருக்கம்

மிதிவண்டி ஓட்டுவோர் சாலை ஒழுங்கை மதிப்பதில்லை என்னும் குற்றச்சாட்டு, அவ்வூர்தி தோன்றிய காலந்தொட்டே நிலவி வருகிறது. இக்குற்றச்சாட்டின் வரலாற்றைப் பிரித்தானியச் சாலைச் சட்டங்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. 1888ஆம் ஆண்டின் சட்டம் மிதிவண்டியாளர் மணியடிக்க வேண்டும் என்றது. 1945ஆம் ஆண்டின் சட்டம் அவர் பின்விளக்கு ஏற்ற வேண்டும் என்றது. முந்தையது பின்னிருந்து விரைந்து வருபவர்மீது எச்சரிக்கைக் கடமையைச் சுமத்தியது. பிந்தையது முன்னே மெதுவாகச் செல்பவர்மீது சுமத்தியது. இடைப்பட்ட 57 ஆண்டுகளில் கடமையின் திசை தலைகீழாக மாறியும், அதனைச் சுமந்தவர் மாறவில்லை. இம்மாற்றத்தை விளக்குவது ஓட்டுபவரின் நடத்தை மட்டுமன்று. சாலையில் அவருக்கு இருந்த சமூக நிலையும் ஆகும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மிதிவண்டி, சாலை நடத்தை, பொதுமக்கள் பார்வை, 1888 உள்ளாட்சிச் சட்டம், பின்விளக்கு, பிரித்தானியச் சமூக வரலாறு

முன்னுரை

சாலை என்பது பொதுவுடைமை. நடப்போர், குதிரையில் செல்வோர், வண்டி ஓட்டுவோர் ஆகிய அனைவரும் அதனைப் பகிர்ந்துகொள்கின்றனர். அப்பகிர்வில் புதிதாக ஓர் ஊர்தி நுழையும்போது, யார் யாருக்கு வழிவிடுவது, யார் யாரை எச்சரிப்பது, விபத்து நேரின் யாரைக் குறைகூறுவது என்னும் வினாக்கள் எழுகின்றன. இவ்வினாக்களுக்குச் சமூகம் அளிக்கும் விடைகளே காலப்போக்கில் சாலை விதிகளாகின்றன. ஆகவே, சாலை விதிகளைப் பயில்வது ஒரு சமூகம் தன் உறுப்பினர்களை எவ்வாறு தரப்படுத்தியது என்பதைப் பயில்வதும் ஆகும்.

மிதிவண்டியின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அது முதலில் செல்வந்தரின் விளையாட்டுப் பொருளாக இருந்தது. பின்னர் நடுத்தர வகுப்பினரின் பொழுதுபோக்காகவும், அதன்பின் தொழிலாளரின் அன்றாட ஊர்தியாகவும் ஆயிற்று. ஓட்டுபவர் மாறியபோது அவரைப் பற்றிய பொதுமக்கள் பார்வையும் மாறியது. ஆயினும் அவர்மீதான புகார் ஒருபோதும் ஓயவில்லை. இக்கட்டுரை அப்புகார்களின் உண்மையை மறுக்க முற்படவில்லை. விரைந்து ஓட்டி வழிப்போக்கரைக் காயப்படுத்தியோரும், விளக்கின்றி இரவில் ஓட்டியோரும் எக்காலத்திலும் இருந்துள்ளனர். எந்த நடத்தை, எக்காலத்தில், யாருடைய கண்ணுக்குக் குற்றமாகத் தோன்றியது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1. நடைபாதையிலிருந்து விலக்கப்பட்ட ஊர்தி

ஜெர்மானியராகிய கார்ல் டிரைஸ் 1817ஆம் ஆண்டில் இரு சக்கரங்கள் கொண்ட ஓர் ஊர்தியை அறிமுகப்படுத்தினார். அதில் மிதிகட்டைகள் இல்லை. ஏறியமர்ந்தவர் கால்களால் தரையை உந்திச் சென்றார். 1818ஆம் ஆண்டின் இறுதியில் டெனிஸ் ஜான்சன் என்னும் இலண்டன் வண்டித் தொழிலாளர் அதன் திருந்திய வடிவத்திற்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டில் நகரத்து நாகரிக இளைஞரிடையே அது பரவியது. கேலிச்சித்திரக்காரர்கள் அவர்களைப் பகட்டர்களாகத் தீட்டினர்.

அக்காலத்துச் சாலைகள் குண்டும் குழியுமாகவும் வண்டித்தடம் பதிந்தும் கிடந்தன. ஆகையால் புதிய ஊர்தியை ஓட்டியோர் மட்டமான நடைபாதையை நாடினர், நடப்போர் முறையிட்டனர். இலண்டன் நீதிபதிகள் 1819இல் நடைபாதையில் ஓட்டியோருக்குத் தண்டம் விதித்தனர். மான்ஹைம், மிலான், நியூயார்க் ஆகிய நகரங்களிலும் கட்டுப்பாடுகள் பிறந்தன. 1820இல் கல்கத்தாவிலும் தடை வந்தது. சில ஆண்டுகளிலேயே அவ்வூர்தி வழக்கொழிந்தது.

இத்தொடக்க நிகழ்விலேயே பிற்காலத்துச் சிக்கல் முழுவதும் கருவடிவில் அமைந்துள்ளது. சாலை ஓட்டுவதற்கு ஏற்றதாக இல்லாமையால் ஓட்டுபவர் நடைபாதைக்கு ஏறுகிறார். நடப்பவர் கண்ணுக்குத் தெரிவது அவர் ஏறிய செயல். சாலையின் நிலை அன்று. 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், அதன் 72ஆம் பிரிவில், சாலையோர நடைபாதையில் குதிரையேறிச் செல்வதையும் வண்டி ஓட்டுவதையும் குற்றமாக்கியது. மிதிவண்டி பரவுவதற்கு முன்பே இயற்றப்பட்ட இப்பிரிவுதான் இங்கிலாந்தில் இன்றளவும் நடைபாதையில் மிதிவண்டி ஓட்டுவதற்கு எதிரான அடிப்படைச் சட்டமாக விளங்குகிறது.

2. வண்டியா, வண்டி அன்றா?

1870களில் முன்சக்கரம் பெரிதாகவும் பின்சக்கரம் சிறிதாகவும் அமைந்த உயர் மிதிவண்டி இங்கிலாந்தில் பரவியது. அதன் விலையும் அதனை ஓட்டத் தேவைப்பட்ட உடல்வலிமையும், அதனைப் பெரும்பாலும் வசதிபடைத்த இளைஞருக்கே உரியதாக்கின. அவர்கள் சங்கங்கள் அமைத்து, சீருடை அணிந்து, ஊதுகொம்பு முழக்கி, கூட்டமாகச் சாலையில் சென்றனர். ‘சில்லின்மேல் ஏறிய கீழ்மக்கள்’ என்னும் பொருள்படும் ஏளனத் தொடர் அவர்களைக் குறிக்க வழங்கியது. செல்வமும் கல்வியும் உடையோரையே ‘கீழ்மக்கள்’ என்றழைத்த இவ்வழக்கு, ஏளனத்தின் ஊற்று அவர்தம் பிறப்பன்று, சாலையில் நிலவிய பழைய வரிசைமுறையை அவர்கள் குலைத்தமையே என்பதை உணர்த்துகிறது. குதிரைக்குரியவரே சாலையில் முதல்வர் என்பது அவ்வரிசைமுறை.

அப்பகைமை ஏளனத்தோடு நின்றுவிடவில்லை. 1876ஆம் ஆண்டில் செயின்ட் ஆல்பன்ஸ் நகருக்குச் செல்லும் பயணிகள் வண்டியின் ஓட்டுநர், முந்த முயன்ற மிதிவண்டியாளர் ஒருவரைச் சவுக்கால் அடித்தார். அவ்வண்டியின் காவலர், கயிற்றில் கட்டிய இரும்புக் குண்டைச் சக்கரத்தின் கம்பிகளுக்கிடையே எறிந்து அவரை ஊர்தியோடு கீழே இழுத்துத் தள்ளினார். அவ்விருவரும் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டனர். ஆயினும் அத்தகைய கருவியைக் காவலர் முன்னரே ஆயத்தமாக வைத்திருந்தார் என்பது, அச்செயல் கணநேரச் சினத்தால் விளைந்ததன்று என்பதைக் காட்டுகிறது.

சட்டம் இப்புதிய ஊர்தியை எவ்வகையில் சேர்ப்பதென அறியாது தடுமாறியது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் எவ்வகை ‘வண்டி’யையும் வெறிவேகத்தில் ஓட்டுவதைக் குற்றமாக்கியிருந்தது. மிதிவண்டி இச்சொல்லுள் அடங்குமா என்னும் வினா 1879ஆம் ஆண்டில் டெய்லர் எதிர் குட்வின் வழக்கில் எழுந்தது. அடங்கும் என உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே வில்லியம்ஸ் எதிர் எல்லிஸ் வழக்கில், சாலைச் சுங்கம் செலுத்தவேண்டிய ‘வண்டி’களுள் மிதிவண்டி அடங்காது எனத் தீர்ப்பாயிற்று. சுங்கச் சட்டம் பட்டியலிட்ட வண்டிகளோடு அது ஒத்த வகையினதன்று என்பது நீதிபதிகளின் கருத்து. ஓர் ஊர்தி தண்டனைக்கு வண்டியாகவும் சுங்கத்திற்கு வண்டி அல்லாததாகவும் ஆயிற்று. இத்தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல; அவை வெவ்வேறு சட்டங்களின் நோக்கத்தைப் பொருத்து எழுந்தவை. ஆனால் பொதுவெளியில் அவற்றின் கூட்டு விளைவு ஒன்றே: மிதிவண்டியாளர் சாலைக்குப் பணம் தராமலேயே அதனைத் தவறாகப் பயன்படுத்துபவர் என்னும் எண்ணத்துக்கு இடமேற்பட்டது. சாலைவரி செலுத்தாதவர் என்று இன்றும் அவர்மீது கூறப்படும் வசைக்கு இவ்வெண்ணம் மிக நெருங்கியது.

இதற்கிடையே, 1878ஆம் ஆண்டின் ஒரு திருத்தச் சட்டம் மிதிவண்டி ஓட்டத்தை ஒழுங்குபடுத்தத் துணைவிதிகள் இயற்றும் அதிகாரத்தைக் கவுண்டி நிர்வாகங்களுக்கு அளித்தது. அவை தத்தம் விருப்பப்படி விதிகளை வகுத்தன. ஒரு கவுண்டியில் நிரபராதியாக இருந்தவர் எல்லை கடந்ததும் குற்றவாளியாகலாம் என்னும் நிலை உருவாயிற்று. அதே 1878ஆம் ஆண்டில் ஹாரோகேட் நகரில் மிதிவண்டிச் சுற்றுலாச் சங்கம் தோன்றியது. துணைவிதிகளின் இக்குழப்பத்தை நீக்குவது அதன் தலையாய நோக்கங்களுள் ஒன்றாயிற்று.

3. 1888: மணியின் தர்க்கம்

சங்கங்களின் முயற்சியால் 1888ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தில் 85ஆம் பிரிவு இடம்பெற்றது. அது மிதிவண்டி, மூன்று சக்கர மிதிவண்டி முதலியவற்றை நெடுஞ்சாலைச் சட்டங்களின் பொருளில் வண்டிகளெனத் தெளிவாக அறிவித்தது. கவுண்டிகளின் துணைவிதிகளை நீக்கியது. அதற்கு ஈடாக இரு கடமைகளை விதித்தது. சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்திற்குப் பின்னும், உதிப்பதற்கு ஒரு மணி நேரத்திற்கு முன்புவரையும் ஓட்டுவோர் விளக்கு வைத்திருக்க வேண்டும். வண்டியையோ, குதிரை முதலிய விலங்கையோ, நடப்பவரையோ முந்தும்போது, மணி அல்லது ஊதல் கொண்டோ வேறு வகையிலோ கேட்கத்தக்க எச்சரிக்கை தர வேண்டும். மீறினால் தண்டம் 40 ஷில்லிங் வரை.

ஓடும் நேரமெல்லாம் மணி இடைவிடாது ஒலிக்க வேண்டும் என இச்சட்டம் கட்டளையிட்டதாகப் பிற்காலத்து நூல்கள் சில கூறுகின்றன. சட்டத்தின் சொற்கள் அவ்வாறு இல்லை. முந்தும்போது எச்சரித்தல் ஒன்றையே அவை கோருகின்றன.

மணி விதியின் அடிப்படைத் தர்க்கம் நேர்மையானது. பின்னிருந்து ஒலியின்றி விரைந்து வருபவரே ஆபத்தை உண்டாக்குகிறார். முன்னே செல்பவருக்கு முதுகில் கண் இல்லை. ஆதலால் எச்சரிக்கும் கடமை முந்துபவருக்கு உரியது. வலியவர் எளியவரைக் காக்க வேண்டும் என்னும் இக்கொள்கையைச் சங்கங்கள் மனமார ஏற்றன. மிதிவண்டியாளருக்குச் சாலையில் சட்டப்படியான இடம் கிடைத்தமையால், அப்பிரிவை அவர்கள் தம் உரிமைச் சாசனமாகவே கொண்டாடினர்.

ஆயினும் விளக்கு விதியில் ஒரு சமனின்மை தொடக்கத்திலேயே இருந்தது. நாடு முழுமைக்கும் பொதுவான சட்டத்தால் இரவில் விளக்கேற்றக் கடமைப்பட்டவர் மிதிவண்டியாளரே. ஏனைய வண்டிகளுக்கு அத்தகைய பொதுச்சட்டம் 1907ஆம் ஆண்டில்தான் வந்தது. ஏறத்தாழ 20 ஆண்டுக்காலம், விளக்கற்ற பாரவண்டி ஒன்றில் மோதி விழுந்த மிதிவண்டியாளர் தம் விளக்கு எரிந்துகொண்டிருந்ததா என்னும் வினாவிற்கு விடையிறுக்க வேண்டியிருந்தது. பாரவண்டிக்காரருக்குப் பல இடங்களில் அக்கடமை இல்லை.

4. தம்மைத் தாமே மறைத்துக்கொண்ட பந்தயக்காரர்

1885இல் ஜே. கே. ஸ்டார்லி உருவாக்கிய ‘ரோவர்’ பாதுகாப்பு மிதிவண்டியும், 1888இல் டன்லப் காப்புரிமை பெற்ற காற்றடைத்த டயரும் மிதிவண்டியைப் பலருக்கும் உரியதாக்கின. 1890களின் நடுவில் உயர்குடியினரும் இலண்டன் பூங்காக்களில் மிதிவண்டி ஓட்டினர். அதே வேளையில், கைப்பிடியின்மேல் குனிந்து விரைந்து ஓட்டும் இளைஞர்மீது கண்டனம் வலுத்தது. பூங்காவில் நிமிர்ந்தமர்ந்து மெல்ல ஓட்டுவோர் நாகரிகர். நெடுஞ்சாலையில் குனிந்து விரைவோர் முரடர் என்னும் பாகுபாடு உருவாயிற்று.

இப்பார்வை மிதிவண்டியாளரின் நடத்தையை எவ்வளவு ஆழமாக மாற்றியது என்பதற்குச் சாலைப் பந்தயங்களின் வரலாறு சான்று. 1894ஆம் ஆண்டில் வடபெருஞ்சாலையில் நடந்த ஒரு பந்தயத்தின்போது, ஒரு பெண் செலுத்திய வண்டியின் குதிரை மருண்டது; ஓட்டுநர்களும் விழுந்தனர்; காவல்துறைக்குப் புகார் சென்றது. தேசிய மிதிவண்டியாளர் ஒன்றியம், பொதுமக்களின் பகைமை வளர்ந்து மிதிவண்டிக்கே சாலை மறுக்கப்படுமோ என அஞ்சியது. பொதுச்சாலையில் கூட்டமாகப் பந்தயம் ஓடுவதை அது தடைசெய்தது.

அப்பந்தயத்தில் கலந்துகொண்ட எஃப். டி. பிட்லேக் மாற்றுவழி ஒன்றை முன்வைத்தார். ஓட்டுநர்கள் சேர்ந்து ஓடாமல், இடைவெளி விட்டு ஒருவர்பின் ஒருவராகப் புறப்பட்டனர். எடுத்துக்கொண்ட நேரமே வெற்றியைத் தீர்மானித்தது. வடசாலைச் சங்கம் 1895 அக்டோபரில் இம்முறையில் ஒரு போட்டியை நடத்தியது. போட்டிகள் விடியற்காலையில் நடந்தன. பாதைகளுக்கு எழுத்தும் எண்ணும் கொண்ட மறைபெயர்கள் இடப்பட்டன. ஓட்டுநர்கள் தோள்முதல் கணுக்கால்வரை கருப்பாடை அணிந்தனர். பந்தயம் நடப்பதாகவே எவருக்கும் தோன்றலாகாது என்பதே நோக்கம். பொதுமக்கள் பார்வைக்கு அஞ்சி ஒரு விளையாட்டே தன்னைக் காணாப்பொருளாக்கிக்கொண்டது.

இவ்வச்சம் சட்டத்தையும் விஞ்சியது. 1942 ஜூன் 7ஆம் நாள் பெர்சி ஸ்டாலர்ட் என்பவர் லாங்கோலென் நகரிலிருந்து வுல்வர்ஹாம்ப்டன் நகர்வரை கூட்டப் பந்தயம் ஒன்றை ஏற்பாடு செய்தார். அவர் அணுகிய காவல்துறையினர் மறுப்புத் தெரிவிக்கவில்லை. பந்தயமும் இடையூறின்றி முடிந்தது. அவரை விலக்கியது தேசிய மிதிவண்டியாளர் ஒன்றியமே. காவலர் குற்றமாகக் காணாத செயலை மிதிவண்டியாளர் அமைப்பே குற்றமாகக் கண்டது. பிறர் தம்மீது கொண்ட ஐயத்தைத் தம்முடையதாகவே ஏற்றுக்கொண்ட ஒரு சமூகக் குழுவின் இயல்பு இதில் புலனாகிறது.

பெண்களைப் பொறுத்தவரை, பொதுமக்கள் பார்வைக்கும் சாலை நடத்தைக்கும் தொடர்பே இல்லாதிருந்தது. பகுத்தறிவு ஆடை இயக்கத்தின் முன்னோடியாகிய ஹார்பர்டன் சீமாட்டி 1898 அக்டோபரில் சர்ரே கவுண்டியின் ஆக்கம் என்னும் ஊருக்கு மிதிவண்டியில் வந்தார். பாவாடைக்கு மாற்றாக அகன்ற காற்சட்டை அணிந்திருந்தமையால், அங்குள்ள விடுதியின் உணவறையில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. மதுக்கூடத்தை ஒட்டிய அறை காட்டப்பட்டது. மிதிவண்டிச் சுற்றுலாச் சங்கம் 1899இல் வழக்குத் தொடுத்துத் தோற்றது. அவர் எவ்விதியையும் மீறவில்லை, எவரையும் இடிக்கவில்லை. ஆயினும் ஒரு மிதிவண்டியாளராக அவர் தீர்ப்புக்குள்ளானார்.

5. பின்விளக்கு: கடமை திசைமாறிய கதை

மோட்டார் வாகனங்களின் வருகை சாலையின் வலிமை வரிசையை மாற்றியது. 1888இல் மிதிவண்டியே சாலையின் விரைவான ஊர்திகளுள் ஒன்று. 1920களில் அது மெதுவாகச் செல்வதாயிற்று. முந்துபவராக இருந்தவர் முந்தப்படுபவரானார். முதல் உலகப்போருக்குப் பின் விலை குறைந்து, மிதிவண்டி ஆலைத் தொழிலாளரின் ஊர்தியாகவும் ஆயிற்று. மோட்டார் வண்டி வசதிபடைத்தோரின் உடைமையாக இருந்தது. ஆகவே சாலையில் வேக வேறுபாடும் வர்க்க வேறுபாடும் ஒருங்கே அமைந்தன.

1888ஆம் ஆண்டின் தர்க்கம் தொடர்ந்திருப்பின், பின்னிருந்து விரைந்து வரும் மோட்டார் ஓட்டுநரே முன்னே செல்பவரைக் காக்கும் முதற்கடமை உடையவராக இருந்திருப்பார். ஆனால் இப்போது எழுந்த கோரிக்கை நேர்மாறானது: மிதிவண்டியாளர் சிவப்புப் பின்விளக்கு ஏற்ற வேண்டும் என்பது. முதல் உலகப்போர்க் காலத்தில் அது தற்காலிகமாகக் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. 1927ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து விளக்குச் சட்டம் சமரசமாக, பின்விளக்கு அல்லது சிவப்பு ஒளிதெறிப்பி என்னும் இரண்டில் ஒன்றை ஏற்றது.

ஜி. எச். ஸ்டான்சர் செயலாளராக இருந்த மிதிவண்டிச் சுற்றுலாச் சங்கம் பின்விளக்குக் கட்டாயத்தை நெடுங்காலம் எதிர்த்தது. அதன் வாதம் மூன்று கூறுகளைக் கொண்டது. முதலாவது, தம் முகப்பு விளக்கின் ஒளி எட்டும் தொலைவுக்குள் நிறுத்தத்தக்க வேகத்தில் ஓட்டுவது மோட்டார் ஓட்டுநரின் கடமை. இரண்டாவது, நடப்பவரும் கால்நடைகளும் விளக்கேந்திச் செல்வதில்லை. சிவப்பொளியை மட்டும் தேடப் பழகும் ஓட்டுநர் அவர்களைக் காணத் தவறுவார். மூன்றாவது, முன்னோக்கி ஓட்டுபவர் தம் பின்விளக்கு அணைந்ததை அறிய இயலாது. அணைந்திருந்தால், மோதப்பட்டவரே குற்றவாளி ஆவார்.

எதிர்த்தரப்பின் வாதத்திலும் வலுவுண்டு. எதிர்வரும் வண்டியின் ஒளியால் கண்கூசும் ஓட்டுநருக்கு, கருமையான சாலையில் முன்னே செல்லும் மிதிவண்டி புலப்படுவதில்லை. கொள்கை எதுவாயினும், விளக்கற்றவர் உயிரிழக்கக்கூடும். ஒரு சிறு விளக்கு அதனைத் தடுக்கக்கூடும். சங்கத்தின் நிலைப்பாடு நீதியின்பாற்பட்டது. எதிர்த்தரப்பின் நிலைப்பாடு நடைமுறையின்பாற்பட்டது. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாக இருந்தமையாலேயே அவ்விவாதம் ஒரு தலைமுறைக்காலம் நீடித்தது.

ஆயினும் அவ்விவாதம் நடந்த சூழலைக் கருதாமல் அதனை மதிப்பிட இயலாது. 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மோட்டார் கார்களுக்கான பொது வேக வரம்பை நீக்கியது. அடுத்த ஆண்டு வெளிவந்த நெடுஞ்சாலை நெறித்தொகுப்பு அனைவருக்கும் நன்னடத்தையை அறிவுறுத்தியது. 1934இல் பிரித்தானியச் சாலைகளில் 7,343 பேர் உயிரிழந்தனர். 2,31,603 பேர் காயமுற்றனர். அவ்வாண்டில் வேக வரம்பை மீண்டும் கொணரும் மசோதா நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது, விமான முன்னோடியும் உறுப்பினருமாகிய மூர்-பிரபசோன் அதனை எதிர்த்துப் பேசினார். முற்காலத்தில் கார்களின் முகப்பில் கோழியிறகுகள் நிறைந்திருந்ததையும், நாய்கள் காருக்கு விலகக் கற்றுக்கொண்டதையும் நினைவூட்டிய அவர், மக்களும் புதிய நிலைமைக்குப் பழகிவிடுவர் என்னும் கருத்தை முன்வைத்தார். ஆபத்தை விளைவிப்பவர் கட்டுப்படுவதன்று, ஆபத்துக்குள்ளாகுபவர் கற்றுக்கொள்வதே தீர்வு என்னும் மனநிலையின் வெளிப்படையான வடிவம் இது. அம்மசோதா நிறைவேறி, 1935இல் குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 மைல் வரம்பு நடைமுறைக்கு வந்தது என்பதும் கருதத்தக்கது. அம்மனநிலை எதிர்ப்பின்றி வென்றுவிடவில்லை.

இரண்டாம் உலகப்போரின் இருட்டடைப்பு விவாதத்தை முடித்துவைத்தது. தெருவிளக்குகள் அணைக்கப்பட்டு, வாகன முகப்பு விளக்குகள் மறைக்கப்பட்ட சூழலில் பின்விளக்கு கட்டாயமாயிற்று. 1945ஆம் ஆண்டின் மிதிவண்டி விளக்குச் சட்டம் அதனை நிலையானதாக்கியது. மணியடிக்கும் கடமையோ 1930ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முன்னரே நீங்கியிருந்தது. முந்துபவர் எச்சரிக்க வேண்டும் என்ற விதி மறைந்து, முந்தப்படுபவர் எச்சரிக்க வேண்டும் என்ற விதி நிலைத்தது.

6. தனித்தடம்: பாதுகாப்பா, விலக்கலா?

போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா 1934 டிசம்பர் 14ஆம் நாள் இலண்டனின் மேற்குப் பெருஞ்சாலையில் மிதிவண்டித் தடத்தைத் திறந்துவைத்தார். சாலையின் இருமருங்கிலும் எட்டரை அடி அகலத்தில் இரண்டரை மைல் நீளத்திற்கு அது அமைந்தது. உயிரிழப்பைக் குறைப்பதே நோக்கமாகக் கூறப்பட்டது. சங்கங்கள் இதனையும் எதிர்த்தன. தடம் ஒவ்வொரு குறுக்குச்சாலையிலும் தடைப்பட்டது. அதனைப் பயன்படுத்துவது நாளடைவில் கட்டாயமாகி, 1888இல் பெற்ற சாலையுரிமை பறிபோகும் என அவை அஞ்சின. ஆல்னஸ் பிரபு தலைமையிலான மேலவைக் குழு 1939இல் அளித்த அறிக்கையும் தனித்தடங்களை வலியுறுத்தி அவ்வச்சத்தை வளர்த்தது.

இவ்வெதிர்ப்பு தன்னலமற்றதாயினும் தொலைநோக்குடையதாக இருந்தது எனக் கூறுவதற்கில்லை. அக்காலத்தில் தடங்களை ஏற்று விரிவாக்கிய நெதர்லாந்து, மிதிவண்டியை அன்றாட ஊர்தியாகப் பிற்காலத்திலும் தக்கவைத்துக்கொள்ள அவை உதவின. பிரித்தானியாவிலோ 1949இல் சுமார் 1,470 கோடி மைலாக இருந்த மிதிவண்டிப் பயணம், 1973இல் சுமார் 230 கோடி மைலாகச் சுருங்கியது. இச்சரிவிற்குக் கார் பெருக்கமே முதன்மைக் காரணம் எனினும், சங்கங்கள் காத்துநின்ற சாலையுரிமையைப் பயன்படுத்த அச்சமின்றி முன்வருவோர் குறைந்துபோயினர் என்பதும் உண்மை.

7. பிற்கால ஆய்வுகளின் ஒளியில்

மிதிவண்டியாளர் சிறுபான்மையினரானபின் அவர்மீதான பார்வை புதிய வடிவம் பெற்றது. பிரித்தானியப் போக்குவரத்து ஆய்வுக்கூடம் 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, மோட்டார் ஓட்டுநர்கள் மிதிவண்டியாளரை வேற்றுக்குழுவினராகவே காண்கின்றனர் எனக் கண்டது. மிதிவண்டியாளரின் தவற்றை அவர்தம் இயல்பின் குறையாகவும் திறமையின்மையாகவும் அவர்கள் கொண்டனர். அவரைச் சூழ்ந்த சாலை நிலைமையை எண்ணிப்பார்க்கவில்லை. 1819இல் நடைபாதைக்கு ஏறியவரை நோக்கிய பார்வையும் இதுவே.

உளவியலாளர் இயன் வாக்கர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, தோற்றமும் நடத்தப்படும் முறையை மாற்றக்கூடும் எனக் காட்டியது. ஓட்டுபவர் தலைக்கவசம் அணிந்திருந்தபோது வாகனங்கள் சராசரியாகச் சில சென்டிமீட்டர் நெருக்கமாகவும், நீள்கூந்தல் அணிந்து பெண்போல் தோன்றியபோது சற்று விலகியும் முந்தின. இம்முடிவுகளின் முதன்மை பின்னர் பிற ஆய்வாளர்களால் மறுஆய்வுக்குட்பட்டது. ஆயினும், மிதிவண்டியாளரை நோக்கிய நடத்தை அவருடைய நடத்தையை மட்டுமே பொறுத்ததன்று என்னும் வினாவை அவ்வாய்வு நிலைபெறச் செய்தது.

8. தமிழகம்: ஒரு குறிப்பு

பிரித்தானிய ஆட்சியின் வழியே இச்சட்டக் கருத்துகள் தமிழகத்தையும் எட்டின. இரவில் விளக்கின்றி ஓட்டியதற்காகவும், பின்னால் ஒருவரை ஏற்றிச் சென்றதற்காகவும் காவலரிடம் பிடிபட்ட நினைவும், உள்ளாட்சிகளுக்கு ஆண்டுதோறும் வரிசெலுத்திப் பெற்ற சைக்கிள் வில்லையின் நினைவும் முதிய தலைமுறையினரிடம் இன்றும் உள்ளன. இங்கும் விதிகளின் முழுக்கண்காணிப்புக்கு ஆளானவர் பெரும்பாலும் எளியோரே. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் ஊக்கத்தால் ஆயிரக்கணக்கான கிராமப்புறப் பெண்கள் மிதிவண்டி கற்றபோது, அவர்கள் முதலில் எதிர்கொண்டது ஏளனமே. ஹார்பர்டன் சீமாட்டிக்கு நேர்ந்தது போலவே, அவ்வேளனம் ஓட்டிய முறையைப் பற்றியதன்று, ஓட்டியவரைப் பற்றியது. ஆனால் இங்கு பெண்கள் பெருந்திரளாகச் சாலைக்கு வந்தமையால் ஏளனம் விரைவில் வலுவிழந்தது. காட்சி வழக்கமானபோது குற்றமும் மறைந்தது.

முடிவுரை

மிதிவண்டியாளரின் சாலை நடத்தை குறித்த பிரித்தானிய வரலாறு மூன்று உண்மைகளைப் புலப்படுத்துகிறது. ஒன்று, பொதுமக்களின் குறைகூறல் நடத்தையிலிருந்து எழுந்தபோதும், அதன் கடுமையை நிர்ணயித்தது ஓட்டுபவரின் சமூக நிலையே. இரண்டு, அக்குறைகூறல் மிதிவண்டியாளரின் அமைப்புகளுக்குள்ளும் ஊடுருவி, அவர்களே தம்மை மறைத்துக்கொள்ளவும் தம்மவரைத் தண்டிக்கவும் செய்தது. மூன்று, எச்சரிக்கும் கடமை கொள்கையளவில் ஒரே இடத்தில் நிற்கவில்லை. மிதிவண்டியாளர் வலியவராக இருந்தபோது வலியவர்மீதும், அவர் எளியவரானபோது எளியவர்மீதும் அது விழுந்தது.

பின்விளக்கு உயிர்காப்பது என்பதில் இன்று கருத்து வேறுபாடில்லை. ஆயினும், விளக்கேற்றியவர் தம் கடமையைச் செய்துவிட்டார். பின்னிருந்து வருபவரின் கடமை என்னவாயிற்று என்று ஸ்டான்சரின் சங்கம் எழுப்பிய வினா 1945ஆம் ஆண்டுச் சட்டத்தால் விடையளிக்கப்படவில்லை. சாலை விபத்தொன்றில் மோதப்பட்டவர் விளக்கு வைத்திருந்தாரா, கவசம் அணிந்திருந்தாரா என்று முதலில் கேட்கும் வழக்கம் எங்கெல்லாம் உள்ளதோ, அங்கெல்லாம் அவ்வினா இன்னும் காத்திருக்கிறது.